இல்லத்துள் அடைக்கலம்

தெருவில் ஒருவன் ஒரு பெண்ணைக் கைநீட்டி அடிப்பானாயின், கண்டோர் கூடித் தடுப்பர். அதனையே அவன் கதவடைத்துத் தன் மனைவிக்குச் செய்வானாயின், 'குடும்ப விவகாரம்' எனக் கூறி அகல்வர். இவ்வழக்கத்தை மாற்ற எழுந்ததே, 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம்.

இதற்குமுன் சட்டம் இல்லாமலில்லை. 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட 498-அ பிரிவு, மனைவியைக் கொடுமை செய்தானைத் தண்டித்தது. 2024 ஜூலை முதல் அதனிடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு நிற்கின்றது. எனினும், அடி நிற்றல் வேண்டும், பிள்ளைகளின் தந்தை சிறைபுகல் வேண்டா என எண்ணும் பெண்டிர் பலர். அவர்க்கு வேண்டுவது தண்டனையன்று, தடையே. அடித்தலாகாது, அவள் பணிபுரியும் இடத்திற்குட் புகலாகாது என மாஜிஸ்திரேட்டு இச்சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பாணை பிறப்பிக்கலாம். அதனை மீறினாற்றான் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும்.

நிற்க. இவ்வாணையைப் பெறுவது எங்ஙனம்? மதுரையில் வாழ்க்கைப்பட்ட ஒருத்தி, இடர் பொறாது, பள்ளிக்கரணையிலுள்ள தாய்வீட்டை அடைந்தாள் எனக் கொள்வோம். மனுக் கொடுத்தற்பொருட்டு அவள் மதுரைக்கு மீள வேண்டுவதில்லை. தற்காலிகமாகத் தங்கும் இடத்திற்குரிய மாஜிஸ்திரேட்டிடமே கொடுக்கலாம். தானே கொடுக்கலாம், அவள்பொருட்டுப் பாதுகாப்பு அலுவலரோ பிறரோ கொடுத்தலும் ஆகும். மனுவின் படிவம் விதிகளிலேயே உள்ளது. முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் நிகழ்தல் வேண்டும். இடையூறு உடனடியானதாயின், அவளது பிரமாணப் பத்திரத்தைக் கொண்டே, எதிர்த்தரப்பைக் கேளாமலும் இடைக்கால ஆணை வழங்கலாம். வழக்கறிஞர்க்கு ஈயப் பொருளில்லையேல், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச உதவி பெறலாம். அதற்குப் பெண்ணாயிருத்தலே போதிய தகுதி. ஓராண்டுக் காலவரம்பு இம்மனுவிற்குப் பொருந்தாதெனவும், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில் 2022 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்திற்று.

வழி இத்துணை எளிதாக வகுக்கப்பட்டும், அறியாமையும் நாணமும் வாயிலை மறித்து நிற்கின்றன. முதல் விசாரணையினின்று 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயலவேண்டும் என்னும் விதியும் பலவிடத்து ஏட்டளவில் நின்றுவிடுகின்றது. தாமதத்தை நீக்குதல் அரசின் கடன். அறியாமையை நீக்குதல் நமக்கும் இயல்வதே. வன்முறை நிகழ்கின்றதென நம்பக் காரணமுடைய எவரும் பாதுகாப்பு அலுவலர்க்குத் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தோடு தெரிவித்தார்மேல் வழக்கெழாது எனச் சட்டமே அரண் செய்கின்றது. 181 என்னும் எண்ணை அழைத்தும் உதவி கோரலாம். சட்டம் இவ்வளவு செய்திருக்க, அடுத்த வீட்டு அழுகுரல் கேட்டும் நாம் வாளாவிருத்தல் தகுமோ?