பழைய புல்லட்டில் சார்ஜ் ஏறலையா? பேட்டரிக் கடைக்கு ஓடாதீங்க!

திருவொற்றியூர் ஆலையில் செய்த பழைய புல்லட் வீட்டில் நிக்குதா? ஹாரன் முனகினதும், "புது பேட்டரி போட்டுடலாம்"னு கிளம்பிடாதீங்க. குழாயில தண்ணி வரலைன்னா குடத்தை மாத்தி என்ன பிரயோஜனம்? காசு செலவில்லாத சோதனையிலிருந்து ஆரம்பிங்க. சாதாரண மல்டிமீட்டர் ஒண்ணு இருந்தா போதும். கீழே சொல்ற அளவெல்லாம் 12 வோல்ட் வண்டிக்கு. ரொம்பப் பழசு 6 வோல்ட்டா இருக்கும், முதல்ல அதைப் பார்த்துக்கோங்க.

1. பேட்டரி: தண்ணி ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கணும். குறைஞ்சா டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், குழாய்த் தண்ணி கூடவே கூடாது. வெளியில சார்ஜ் போட்டு, சில மணி நேரம் சும்மா வெச்சிட்டு அளங்க. 12.6 வோல்ட் காட்டினா நல்ல பேட்டரி. 10.5 பக்கத்துலயே நின்னா ஒரு செல் செத்துப்போச்சு. அப்போ மட்டும் தாராளமா மாத்துங்க.

2. டெர்மினலும் எர்த்தும்: டெர்மினல் பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்தா வெந்நீர் விட்டுத் துடைச்சு, காயவிட்டு, மாட்டின பிறகு வாஸ்லின் தடவுங்க. எர்த் ஒயர் சேசிஸில் முறுக்குற இடத்துல துருவும் பெயின்ட்டும் இருக்கும். உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சுன்னு தெரியுற வரை தேய்ங்க. கழற்றும்போது எர்த் ஒயர் முதல்ல, மாட்டும்போது கடைசியில. ஃப்யூஸையும் ஒரு பார்வை பாருங்க.

3. ஆம்மீட்டர் முள்: ஹெட்லைட் மேல இருக்கிற குட்டி மீட்டர்தான் உங்க டாக்டர். ஐடிலில் லைட் போட்டா முள் மைனஸ் பக்கம் சாயறது சகஜம். ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் பிளஸ் பக்கம் திரும்பணும். இன்ஜின் ஆஃப்ல பார்க் லைட் போட்டும் முள் அசையலையா? ஹெட்லைட்டைக் கழற்றி, மீட்டருக்குப் பின்னாடி இருக்கிற ரெண்டு நட்டையும் பாருங்க. பேட்டரிக்குப் போற சார்ஜ் அது வழியாத்தான் போகுது. நட்டு லூஸானா எல்லாம் போச்சு.

4. ஓடும்போது வோல்ட்: இன்ஜினை நடுத்தரமா ரேஸ் பண்ணி, பேட்டரி டெர்மினலில் அளங்க. 13.8 முதல் 14.5 வரை இருந்தா சார்ஜ் ஏறுது. ஓடாதப்போ இருந்த அளவுலயே நின்னா ஏறலை. 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போயிடுச்சு. பேட்டரித் தண்ணி சீக்கிரம் வத்தும்.

5. காயிலா, ரெக்டிஃபையரா?: ஆல்டர்னேட்டர் காயிலிலிருந்து ரெக்டிஃபையருக்குப் போற கப்ளரைக் கழற்றுங்க. மீட்டரை ஏசி வோல்ட்டில் வெச்சு, காயில் ஒயர் ரெண்டுலயும் பிடிச்சு ரேஸ் பண்ணுங்க. வோல்ட் ஏறலைன்னா காயில் தப்பு. பழைய காயிலைத் திரும்பக் கட்டித் தர ஆள் இருக்காங்க. நல்லா ஏறியும் பேட்டரிக்கு வரலைன்னா ரெக்டிஃபையர், இல்லைன்னா நடுவுல இருக்கிற ஒயர்.

6. செய்யவே கூடாதது: பிளஸ், மைனஸ் மாத்திக் கொடுத்தா ரெக்டிஃபையர் அந்த நொடியே காலி. பேட்டரி இல்லாம வண்டி ஓட்டினா பல்பு ஃப்யூஸாகும். ஷோவுக்காக 100 வாட் பல்பு போடாதீங்க. அது மட்டுமே 8 ஆம்பியருக்கு மேல இழுக்கும். பழைய ஆல்டர்னேட்டருக்கு அது தாங்காது.

அளந்ததை எல்லாம் ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மெக்கானிக்கிட்ட காட்டுங்க. எந்தப் பொருள் போச்சுன்னு தெரிஞ்சு போனா, அதுக்கு மட்டும் காசு கொடுத்துட்டு வரலாம்.