கதவு திறந்த ஆண்டு

பேஸ்பால் அமெரிக்க மக்களின் விளையாட்டு. கிரிக்கெட் போல அதிலும் பந்து உண்டு, மட்டை உண்டு.

வெகு காலம் பெரிய அணிகளில் கறுப்பின மக்களைச் சேர்க்கவில்லை. எழுதி வைத்த விதி எதுவும் இல்லை. அணி முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள்.

கறுப்பின மக்கள் சும்மா இருக்கவில்லை. 1920இல் ரூப் ஃபாஸ்டர் என்பவர் முன்னின்று தனிப் போட்டி அமைப்பைத் தொடங்கினார். அணிகள் ஊர் ஊராகச் சென்று ஆடின. பல ஊர்களில் தங்க இடம் தரமாட்டார்கள். உணவு விடுதிக்குள் விடமாட்டார்கள். வீரர்கள் பேருந்திலேயே தூங்கினார்கள். மறுநாள் ஆடினார்கள்.

அவர்களில் ஒருவர் ஜோஷ் கிப்சன். மட்டை பிடிப்பதில் மன்னர். 1947 ஜனவரியில் இறந்தார். வயது 35. அதே ஆண்டு ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் பெரிய அணியில் ஆடினார். கதவு திறந்தது. அதைப் பார்க்கக் கிப்சன் இல்லை.

கறுப்பின மக்களின் செய்தித்தாள்கள் அந்த ஆட்டங்களின் கணக்கை அச்சிட்டு வந்தன. பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அவற்றைத் தேடிப் படித்தார்கள். 2024இல் அந்தக் கணக்குகள் பெரிய அணிகளின் ஏட்டில் சேர்ந்தன. மட்டையடிச் சராசரியில் இன்று முதல் பெயர் ஜோஷ் கிப்சன்.

எழுதி வைத்ததால் அவர் உழைப்பு அழியவில்லை.

கலந்து பேசுவோம்:
1. எழுதாத விதியை எதிர்ப்பது ஏன் கடினம்?
2. நம் ஊரில் யாருடைய உழைப்பை எழுதி வைக்க வேண்டும்?