ஈயற்சோறும் உப்பிலாக் கீரையும்: சங்கப் பாடல்களில் உணவின் மதிப்பு

கி.மு. 115இல் உரோமக் கன்சல் ஸ்காரசு கொணர்ந்த சட்டம் ஒன்று, விருந்துகளில் டார்மவுஸ் என்னும் எலியொத்த சிறு கொறிவிலங்கைப் பரிமாறுவதைத் தடைசெய்தது. அதனைச் சாடிகளில் அடைத்துக் கொழுக்கவைத்து உண்பது செல்வர் வழக்கம். அபிகியசின் பெயரால் வழங்கும் சமையல் தொகுப்பில், பன்றியிறைச்சி, மிளகு, பைன் மரப் பருப்பு முதலியவற்றை அதன் வயிற்றில் அடைத்துச் சமைக்கும் முறை உள்ளது. உரோமர் அடுக்களைக்கு மிளகு சென்ற வழி தமிழ் ஆய்வாளர்க்குப் புதிதன்று; யவனர் கலங்கள் முசிறியில் பொன் தந்து மிளகு கொண்டு சென்றமையை அகநானூறு (149) கூறுகிறது. உரோமில் அரிய உயிரினம் ஒன்றே ஆடம்பரமாகவும், அதனாலேயே சட்டத்தின் கண்டனத்திற்கு உரியதாகவும் அமைந்தது. அதே வணிகத்தின் மறுகரையில் எழுந்த சங்கப் பாடல்களில், இன்று நமக்கு விநோதமாகத் தோன்றும் உணவுகள் எவ்வாறு மதிக்கப்பட்டன என்பதே இக்கட்டுரையின் வினா.

முதற்கண் நோக்கத்தக்கது ஈயல். மழைக்குப்பின் புற்றிலிருந்து சிறகுடன் வெளிப்படும் கறையான்களையே சங்கப் புலவர் ஈயல் என்றனர். இன்றைய வழக்கில் அது ஈசல். கபிலர் பாரியின் பறம்புநாட்டை நினைந்து பாடிய கையறுநிலைப் பாடலில் (புறம். 119), கார்மழை பெய்து ஓய்ந்த காலையில் செம்புற்றின் ஈயலும் மோரும் சேர்ந்த புளிப்புணவு, தினையின் புதுவருவாயோடு ஒருங்கு வைக்கப்பட்டுள்ளது. அவ்வளம் இனியும் நிலைக்குமோ என்பது புலவரின் ஏக்கம். ஈண்டு ஈயலுணவு இழந்துபோன செழிப்பின் அடையாளமாக நிற்கிறது. வள்ளல் ஒருவனின் நாட்டுச் சிறப்பை நினைவுகூரத் தேர்ந்த பொருள், வறுமையால் நேர்ந்த உணவாக இருத்தல் இயலாது. ஈயலுணவைப் பஞ்சகால உணவு எனக் கொள்ளும் எளிய வாசிப்பை இப்பாடல் ஏற்கவில்லை.

நன்பலூர்ச் சிறுமேதாவியாரின் முல்லைப் பாடல் (அகம். 394) சமையலையே விரித்துரைக்கிறது. செம்மறியாட்டின் முற்றிய தயிர், குற்றித் தீட்டிய வரகரிசி, ஈரப்புற்றின் ஈயல் ஆகியவற்றைச் சேர்த்து அட்ட சூடான புளிஞ்சோற்றின்மேல் பசுவெண்ணெய் உருகுகிறது. ஈயல் கொழுப்பு மிக்கது. இரு பாடல்களிலும் அதனோடு மோரோ தயிரோ சேர்வதைத் தற்செயலென ஒதுக்க வேண்டியதில்லை. கொழுப்பைப் புளிப்பால் சமன்செய்யும் சுவையறிவு அதில் தெரிகிறது. இன்றும் ஊர்ப்புறங்கள் சிலவற்றில் ஈசலை வறுத்துப் பொரியுடன் கலந்து உண்பர். அங்குத் தயிரின் இடம் இல்லை.

ஆயின் இப்பாடலில் ஒரு சிக்கல் உண்டு. ஈயற்சோற்றை உண்போர் தலைவனுடன் வரும் இளையர். தலைவனுக்கோ அவன் மனைவி பாற்சோறு படைக்கிறாள். எனவே ஈயலுணவைத் தலைமை உணவெனக் கூறுதல் மிகையாகும். பந்தியில் படிநிலை இருந்தது. எனினும் வெண்ணெய் உருக இட்ட சோற்றை இழிந்ததென்று கொள்ளவும் இடமில்லை. தோழி தன் சிற்றூருக்குத் தலைவனை அழைக்கும்போது ஊரின் பெருமையாக முதலில் எடுத்துரைப்பது இச்சோற்றையே.

பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்புக்குச் செல்லும் பாணர்க்கு, மேட்டுநிலத்து நெற்சோற்றுடன், நாய் பிடித்துத் தந்த சினையுடும்பின் வறுவல் வீடுதோறும் கிடைக்கும் என்று கூறப்படுகிறது. இதுவும் விருந்தே.

பொருநராற்றுப்படையில் மிகை உணவு உண்டு. கரிகாலனிடம் பகலும் இரவும் ஊன் தின்ற பொருநனின் பற்கள், நிலம் உழுது தேய்ந்த கொழுவைப்போல் மழுங்கின. அம்மிகையை அளப்பது உண்ட அளவும் கொடையும். விலங்கின் அருமைக்கு அதில் இடமில்லை. அதனைக் கண்டிக்கும் குரலும் அங்கு எழவில்லை. உண்டு சலித்ததைக் கூறுவதே புரவலன் புகழாகிறது.

அவ்வாறாயின் நாணத்திற்குரிய உணவு எது? இவ்வினாவிற்குச் சிறுபாணாற்றுப்படை நேரிய விடை தருகிறது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைத்து, அறிவற்றோர் காண்பரே என நாணிக் கதவடைத்துத் தன் பெருஞ்சுற்றத்துடன் உண்கிறாள். கீரை எவர்க்கும் விநோதமான உணவன்று. உப்பு இல்லாமையும், பிறர் பார்வைக்கு அஞ்சி உண்ண நேர்ந்தமையுமே அதனை இழிவாக்குகின்றன. ஈயல் அட்ட அடுக்களையில் எவரும் கதவை அடைக்கவில்லை. அச்சோறு ஊருக்கு வருமாறு விடுக்கும் அழைப்பின் பகுதியாகவே பாடப்பட்டுள்ளது.