கணிப்பொறிப் பாடம்: இடம் மாறும் ஐகான்கள்

நேற்று இரவு கணிப்பொறியை அணைத்தபோது வருமான வரிக் கோப்பு திரையின் வலது ஓரத்தில் இருந்தது. காலையில் திறந்தால் அது இடது பக்கத்தில் மற்ற ஐகான்களோடு கலந்து நிற்கிறது. வைரஸ் புகுந்துவிட்டதோ என்று அஞ்சி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரு பிளேஸுக்கு ஓடுகிறவர்கள் தில்லியில் உண்டு. அங்கே ஒருவர் "ஃபார்மட் கர்னா படேகா" என்று சொல்ல, நாமும் தலையாட்டிவிட்டால் போயிற்று. பத்தாண்டுக் கடிதங்களும் பேரப்பிள்ளைகளின் படங்களும் ஒரு மணி நேரத்தில் காணாமல் போய்விடும். நாற்காலி இடம் மாறியதற்காக வீட்டை இடிப்பதைப் போன்ற வேலை இது.

ஆகவே வாசகர்கள் முதலில் ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். விசைப்பலகையில் விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டே 'ஈ' எழுத்தைத் தட்டுங்கள். திறக்கும் பெட்டியின் இடப்பக்கத்தில் 'டெஸ்க்டாப்' என்ற பெயரைச் சொடுக்கினால், டெஸ்க்டாப்பில் நீங்கள் வைத்த கோப்புகள் பட்டியலாகத் தெரியும். பட்டியலில் எல்லாம் இருக்கின்றனவா? அப்படியானால் எதுவும் அழியவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. பதற்றமின்றி மேலே படிக்கலாம்.

டெஸ்க்டாப் என்றால் மேசைப்பரப்பு. காகிதங்களை மேசைமேல் பரப்பி வைப்பதுபோலத் திரையில் சிறு படங்களை வைக்கும் இம்முறையை 1981இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டார்' கணிப்பொறி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1984இல் மெக்கின்டாஷ் இதைப் பலரிடம் கொண்டு சேர்த்தது. நம் வீடுகளுக்கு இது வந்தது பெரும்பாலும் விண்டோஸ் 95 வழியாக. அதற்கு முந்திய விண்டோஸ் 3.1இல் வெளியேறும்போது அமைப்பைச் சேமிக்கும்படி தனியாக ஒரு குறியிட வேண்டும். குறியிடாவிட்டால் நீங்கள் அடுக்கியது மறுமுறை நிலைக்காது. ஐகான்கள் இடம் மாறும் தொல்லை அவ்வளவு பழையது!

ஒவ்வொரு ஐகானும் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை விண்டோஸ் 'ரெஜிஸ்ட்ரி' என்னும் தன் குறிப்பேட்டில் எழுதி வைக்கிறது. கோப்பு ஓரிடத்தில் இருக்கும். அதன் ஐகான் திரையில் நிற்கும் இடம் வேறொரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் குழம்பினாலும் கோப்புக்கு ஒன்றும் ஆகாது. கணிப்பொறியை ஒழுங்காக மூடாமல் மின்சாரம் போய்விட்டால், கடைசியாக நீங்கள் செய்த மாற்றம் எழுதப்படாமலே போகலாம். நம் ஊர்க் கோடையில் இது அடிக்கடி நடப்பதுதான்.

பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம் திரையின் அளவு மாறுவது. இன்றைய திரைகள் பல அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்டவை. ஒரு ஐகான் 1700ஆம் புள்ளியில் நிற்கிறது என்று வையுங்கள். திரை 1024க்கு 768 என்ற அளவுக்கு இறங்கினால் 1700ஆம் புள்ளியே அங்கு இல்லை. விண்டோஸ் அந்த ஐகானை உள்ளே இழுத்துக் காலி இடத்தில் நிறுத்துகிறது. திரை பழைய அளவுக்குத் திரும்பும்போது ஐகானும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஒவ்வொரு திரை அளவுக்கும் தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு எக்ஸ்பி காலத்திலேயே உண்டு. ஆனாலும் அது எல்லா நேரமும் கைகொடுப்பதில்லை.

திரை அளவு நாம் கேட்காமலே எப்படி மாறும்? பழைய விளையாட்டுகள் சில முழுத்திரையில் ஓடும்போது அளவைக் குறைத்துவிடும். 'சேஃப் மோட்' என்ற பாதுகாப்பு நிலையில் திறந்தாலும், திரை அட்டையின் டிரைவரைப் புதுப்பித்தாலும் அளவு மாறலாம். எழுத்துப் பெரிதாகத் தெரிய 'ஸ்கேல்' என்பதை 125 அல்லது 150 விழுக்காடாக மாற்றினாலும் ஐகான்களுக்கான கட்டங்கள் மாறிவிடும். கண்ணுக்கு நல்லது, ஆனால் அடுக்கு கலையும். விழாக்களில் மடிக்கணினியை புரொஜெக்டரோடு இணைக்கும் செயற்குழு அன்பர்களுக்கு ஒரு சொல்: விண்டோஸ் விசையுடன் 'பி' எழுத்தைத் தட்டினால் வரும் பட்டியலில் 'டூப்ளிகேட்' என்பதற்குப் பதில் 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். டூப்ளிகேட்டில் மடிக்கணினித் திரையும் புரொஜெக்டரின் சிறிய அளவுக்கு இறங்கிவிடக்கூடும். எக்ஸ்டெண்டில் அது தன் அளவிலேயே இருக்கும்.

அடுத்தது அமைப்பு. டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தி 'வியூ' என்பதைத் திறந்தால் 'ஆட்டோ அரேஞ்ச் ஐகான்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதில் குறி இருந்தால் விண்டோஸ் ஐகான்களைப் பந்தியில் இலை போடுவதுபோல இடைவெளியின்றி மேலிருந்து கீழாக நிரப்பும். நடுவில் ஒன்றை நீக்கினால் பின்னால் உள்ளவை எல்லாம் ஓரிடம் நகரும். குறியை எடுத்துவிடுங்கள். அதற்கடுத்த 'அலைன் ஐகான்ஸ் டு கிரிட்' இருக்கட்டும்; அது புள்ளிக்கோலத்தின் புள்ளிகளைப் போல வரிசை பிசகாமல் நிறுத்துமே தவிர, நீங்கள் வைத்த பக்கத்திலிருந்து துரத்தாது. அதே பட்டியலில் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்' குறி தவறிப் போனால் எல்லா ஐகான்களும் மறைந்துவிடும். மறுபடி குறியிட்டால் வந்துவிடும்.

'கண்ட்ரோல்' விசையில் விரல் பட்டபடியே மவுஸின் சக்கரத்தை உருட்டினால் ஐகான்கள் பெருக்கும் அல்லது சிறுக்கும், அடுக்கும் கலையும். எதிர்ப்புறம் உருட்டினால் அளவு திரும்பும். இடம் திரும்பும் என்று சொல்வதற்கில்லை.

ஒன்டிரைவ் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொன்று. டெஸ்க்டாப்பைக் காப்புப்படி எடுக்கச் சம்மதித்தால் அந்த ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் போய்விடும். பின்னர் அதை நிறுத்தினால் டெஸ்க்டாப் காலியாகத் தெரியலாம். கோப்புகள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் உள்ள டெஸ்க்டாப்பில் இருக்கும்.

உண்மையில் அஞ்ச வேண்டிய நிலை ஒன்றே ஒன்று. ஐகான்கள் மொத்தமாகப் போய், புதுக் கணிப்பொறிபோல் திரை வந்து, 'டெம்பரரி புரொஃபைல்' என்ற செய்தியும் தோன்றினால், உங்கள் கணக்கு திறக்காமல் தற்காலிகக் கணக்கு திறந்திருக்கிறது என்று பொருள். அப்போது புதிதாக எதையும் தட்டச்சு செய்து டெஸ்க்டாப்பில் சேமிக்காதீர்கள். வெளியேறியதும் அது அழிந்துவிடும். கணிப்பொறியை மறுபடி தொடங்கிப் பாருங்கள். மீண்டும் அதே நிலை என்றால், எதையும் ஃபார்மட் செய்யுமுன் பழைய கணக்கின் ஃபோல்டரை வெளி வட்டில் நகல் எடுத்துத் தரும்படி பழுது பார்ப்பவரிடம் கேளுங்கள்.

இடத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று ஐகான்களை நீக்குமுன் அவற்றின் கீழ் மூலையைக் கவனியுங்கள். சிறு அம்புக்குறி இருந்தால் அது குறுக்குவழி மட்டுமே. நீக்கினாலும் மூலக் கோப்பு இருக்கும். அம்புக்குறி இல்லாவிட்டால் அது கோப்பேதான்.

ஐகான்களைப் பூட்டி வைக்கும் வசதி விண்டோஸில் இல்லை. 'டெஸ்க்டாப் ஓகே' என்ற இலவச நிரல் அடுக்கை நினைவில் வைத்து, கலைந்தபோது திரும்பத் தரும். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. பெயர் வரிசைப்படி அடுக்கும்போது விண்டோஸ் எண்ணில் தொடங்கும் பெயர்களை முதலிலும், அடுத்து ஆங்கிலப் பெயர்களையும், அவற்றுக்குப் பின் தமிழ்ப் பெயர்களையும் வைக்கிறது. எனவே '01 வருமான வரி', '02 ஓய்வூதியம்', '03 சங்க வரவு செலவு' என்று எண்ணோடு பெயரிடுங்கள். எத்தனை முறை கலைந்தாலும் வலப்பொத்தானை அழுத்தி 'சார்ட் பை', பிறகு 'நேம்' என்று தேர்ந்தெடுத்தால் இவை மீண்டும் உங்கள் வரிசையில் வந்து நிற்கும்.