எந்த ஊர் அம்மா?

பஸ் ஸ்டாண்டுல தானாகப் பேசிக்கொண்டு திரியும் அம்மாவைப் பார்த்தால் 'பைத்தியம்' என்று ஒதுங்கிப் போகிறோம் (நானும்தான்). சென்னைத் தெருவில் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்த வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் இருவரும் ஒதுங்கவில்லை. 1993-ல் 'தி பேன்யன்' தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பேன்யன் என்றால் ஆலமரம்.

மனநோயால் வீடிழந்த பெண்களுக்கு அங்கே சோறு, துணி, படுக்க இடம், மருந்து எல்லாம் உண்டு. நோய் குறையக் குறைய ஊர் ஞாபகம் வரும். சிலருக்குப் பாதிதான் வரும். பேசும் மொழியை வைத்துக்கூடத் தேடி, வெளிமாநிலம் என்றாலும் கூட்டிப்போய் விடுகிறார்கள்.

வீட்டுல சேர்க்கலைன்னா? அதற்குத்தான் 2015-ல் 'ஹோம் எகெய்ன்' திட்டம். சாதாரண தெருவில் ஒரு வாடகை வீடு, நாலைந்து பேர், துணைக்கு ஒரு உதவியாளர். சமையல், கடைக்குப் போவது எல்லாம் அவர்களே.

நம்ம பஸ் ஸ்டாண்டு அம்மாவுக்கு எந்த ஊரோ, இதுவரை நான் கேட்டதில்லை.