துணையின்றி நின்ற பிள்ளைகள்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் விடுமுறையில் விரும்பிப் படிக்கும் ஆங்கிலக் கதைகளில் ஒரு வகை உண்டு. ஒரு சிறுவனோ சிறுமியோ காட்டிலோ தீவிலோ பனிவெளியிலோ தன்னந்தனியாக அகப்பட்டுக்கொள்வார்கள். பசி, குளிர், விலங்கு, காயம் எல்லாவற்றையும் தாங்கி மீண்டு வருவார்கள். அட்டையில் ஒரு கரடியோ ஓநாயோ நிற்கும். அந்த அட்டையைப் பார்த்தே 'இது வெறும் பொழுதுபோக்கு' என்று ஒதுக்கிவிடும் பெற்றோர் நம்மில் பலர். 'எதையாவது படித்தால் சரி' என்று விட்டுவிடுவோரும் உண்டு. இரண்டுமே அந்நூல்களுக்கு நியாயம் செய்வதாகாது என்பது என் எண்ணம்.

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் பெரிய பிள்ளைகளோடு இத்தகைய கதைகள் சிலவற்றைப் பற்றித் தமிழில் பேசி வருகிறேன். வீட்டில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வருவார்கள். வகுப்பில் தமிழில் கதை சொல்ல வேண்டும். அப்படிப் பேசியவற்றில் இரண்டு நாவல்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, ஸ்காட் ஓ'டெல் 1960-இல் எழுதிய 'ஐலண்ட் ஆஃப் தி ப்ளூ டால்ஃபின்ஸ்'. மற்றொன்று, கேரி பால்சன் 1987-இல் எழுதிய 'ஹாட்செட்'. கைக்கோடாலி என்று பொருள். இரண்டும் அமெரிக்க நூல்கள். முன்னது 1961-இல் நியூபெரி பதக்கம் பெற்றது. பின்னது அதே பரிசின் அடுத்த நிலைச் சிறப்பை 1988-இல் பெற்றது.

இவ்வகைக் கதையின் வேர் 1719-இல் வெளிவந்த 'ராபின்சன் குருசோ' என்பது பலருக்கும் தெரிந்ததே. ஆனால் குருசோ வளர்ந்த ஆள். பிள்ளைகளுக்கான கதையில் ஆசிரியர் முதலில் செய்யும் காரியம் வேறு, பெரியவர்களை அப்புறப்படுத்துவது. ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்' (1883) தொடங்கிய சில அத்தியாயங்களிலேயே ஜிம்மின் தந்தை இறந்துவிடுகிறார். ஓ'டெல் கதையில் தந்தையும் தம்பியும் இறக்கிறார்கள். ஊரே கப்பலேறிப் போய்விடுகிறது. பால்சன் கதையில் விமானி மாரடைப்பால் சாகிறார். கேட்பதற்கு ஆள் இல்லை என்ற நிலை வந்த பிறகுதான் கதை நகரவே தொடங்கும்.

நம் இலக்கண மரபைக் கொண்டு இதைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். தொல்காப்பியர் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என்று வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள். மனிதரின் உணர்வொழுக்கம் உரிப்பொருள். அது அகப்பாட்டுக்குச் சொன்ன இலக்கணம். அமெரிக்க நாவலுக்குப் பொருத்துவது சற்று அத்துமீறல்தான். ஆயினும் பொருத்திப் பார்த்தால், இக்கதைகளின் உரிப்பொருள் பாலைக்குரிய பிரிவு என்றும், அந்தப் பிரிவை உரையாடலாலோ புலம்பலாலோ அல்லாமல் கருப்பொருளாலேயே சொல்லிச் செல்கிறார்கள் என்றும் தோன்றும். எதைத் தின்றான், எந்த மரத்தின் பட்டை தீப்பற்றியது, எந்தப் பறவை எப்படிப் பறந்தது என்பவையே பக்கங்களை நிரப்புகின்றன. கரடியைக் கண்டு அஞ்சிய பக்கத்தைவிட, முதல் நெருப்பை மூட்டிய பக்கத்தைத்தான் பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

'ஹாட்செட்' கதாநாயகன் பிரையனுக்கு வயது 13. பெற்றோர் விவாகரத்து செய்துகொண்டவர்கள். வட கனடாவின் எண்ணெய் வயலில் வேலை பார்க்கும் தந்தையிடம் சிறு விமானத்தில் போகிறான். வழியில் விமானி இறக்க, விமானம் காட்டு ஏரியில் விழுகிறது. அவன் இடுப்பில் இருப்பது தாய் பரிசாகத் தந்த கைக்கோடாலி ஒன்றே. முதலில் கண்ணில் பட்ட பழத்தைத் தின்று வயிற்று வலியில் துடிக்கிறான். ஓரிரவு முள்ளம்பன்றி காலில் முட்களைச் செருக, இருட்டில் கோடாலியை வீசுகிறான். அது பாறையில் பட்டுப் பொறி பறக்கிறது. பொறி பறக்கும் பாறை இருந்தால் நெருப்பு உண்டு என்பது அவனுக்கு உறைக்கச் சிறிது நேரமாகிறது. அதன் பின்னும் உடனே தீ பற்றுவதில்லை. காய்ந்த புல்லில் முயன்று தோற்கிறான். கையிலிருந்த இருபது டாலர் நோட்டையே கிழித்துப் போட்டும் தோற்கிறான். பிர்ச் மரத்தின் பட்டையை மயிரிழைகளாகக் கிழித்து, ஊத வேண்டும் என்று கண்டுகொண்ட பிறகே பற்றுகிறது.

மீன் பிடிப்பதும் அவ்வாறே. கண்ணுக்கு நேரே தெரியும் மீனைக் குறிவைத்தால் தவறுகிறது. தண்ணீரில் ஒளி வளைவதைப் பள்ளியில் படித்தது நினைவுக்கு வருகிறது. தெரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே குறிவைக்கிறான். ஒளிவிலகல் பாடத்தைத் தேர்வுக்காக உருப்போட்ட நம் வகுப்புப் பையன் ஒருவன் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு மலர்ச்சி வந்ததைப் பார்த்தேன். பாடப்புத்தகம் பசியாற்றும் என்று அவன் அதுவரை நினைத்திருக்கவில்லை.

இந்நூலில் பெற்றோர் சிலர் தயங்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, தாய்க்கு வேறொருவரோடு இருந்த உறவைப் பிரையன் தற்செயலாகக் கண்டு மனத்துள் சுமப்பது. மற்றொன்று, தேடி வந்த விமானம் தன்னைக் காணாமல் திரும்பியபோது அவன் மனமுடைந்து உயிரை விட முயல்வது. 'இதையெல்லாம் பிள்ளைகள் படிக்க வேண்டுமா?' என்று ஒரு தாயார் என்னைக் கேட்டார். படிக்கட்டும், ஆனால் படித்த பின் யாரேனும் பெரியவர் அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றேன். ஆசிரியர் அந்த முயற்சியைப் பெருமைப்படுத்தவில்லை; நீட்டிச் சொல்லவும் இல்லை. தன்னிரக்கத்தால் எதுவும் நடக்காது என்று அவன் முன்பே ஒருமுறை அறிந்தும் மறுபடி விழுகிறான் என்பது உண்மையோடு ஒட்டியது. 54 நாட்கள் கழித்து அவன் மீட்கப்படுவதும் வீரத்தால் அன்று. மூழ்கிய விமானத்திலிருந்து எடுத்த பையில் இருந்த அவசரகால ரேடியோ கருவியை அது வேலை செய்யவில்லை என்று எண்ணித் தள்ளிவைக்கிறான். அதன் ஒலியைக் கேட்டே ஒரு விமானி வந்து இறங்குகிறார். தாயைப் பற்றிய இரகசியத்தைக் கடைசிவரை தந்தையிடம் சொல்வதில்லை. காடு தந்த பயிற்சியால் வீட்டுச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று பால்சன் பொய் சொல்லவில்லை; அதற்காகவே இந்நூலை மதிக்கிறேன்.

பால்சன் (1939–2021) குடிகாரப் பெற்றோரிடம் துன்புற்று வளர்ந்தவர். குளிருக்கு ஒதுங்கி நூலகத்துள் நுழைந்த சிறுவனுக்கு நூலகர் ஓர் உறுப்பினர் அட்டை எழுதித் தந்ததே தம் வாழ்வின் திருப்பம் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். பிரையனுக்கு நேர்ந்தவற்றில் எவை தாம் பட்டவை என்று 'கட்ஸ்' (2001) என்ற நூலில் விவரித்தார். பிரையன் பச்சையாகக் குடிக்கும் ஆமை முட்டையைத் தாமும் குடித்துப் பார்த்ததாகவும், தம் வயிறு அதை ஏற்கவில்லை என்றும் அதில் ஒப்புக்கொள்கிறார். பசி அவ்வளவு இல்லை போலும்!

இனி ஓ'டெல் நூலுக்கு வருவோம். கரானா கதைத் தொடக்கத்தில் 12 வயதுப் பெண். கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் உள்ள தீவு. கடல் நீர்நாய்களின் தோலுக்காக வந்த அலூட் வேட்டைக்காரர்களோடு கூலித் தகராறு மூண்டு, தலைவனான அவள் தந்தை உள்ளிட்ட பலர் மாள்கிறார்கள். எஞ்சியோரை அழைத்துச் செல்லக் கப்பல் வருகிறது. எல்லாரும் ஏறிய பின், ஈட்டியை எடுக்க ஓடிய தம்பி ராமோ கரையிலேயே நிற்பது தெரிகிறது. புயல் மிரட்டுவதால் கப்பல் திரும்பாது என்றதும் கரானா கடலில் குதித்து நீந்துகிறாள். சில நாட்களில் தம்பியைக் காட்டுநாய்கள் கொன்றுவிடுகின்றன. அதன் பின் அவள் தனியள்.

பிரையனுக்கும் கரானாவுக்கும் உள்ள வேறுபாடுதான் வகுப்பில் நீண்ட நேரம் பேசப்பட்டது. பிரையன் ஒவ்வொன்றையும் தானே கண்டுபிடிக்க வேண்டியவன். அந்த நிலத்தில் அவன் விருந்தாளி. கரானா அந்த மண்ணின் மகள். எந்தச் சிப்பி எங்கே ஒட்டியிருக்கும், தோணி எப்படிக் கட்டப்படும் என்பவை பார்த்துப் பார்த்து அவளுக்கு வந்தவை. திமிங்கிலத்தின் விலா எலும்புகளை நட்டு வேலி போடுகிறாள். நீர்க்காகத்தின் இறகுகளால் பாவாடை தைக்கிறாள். ஆனால் முன்னோர் தந்த அறிவோடு முன்னோர் விதித்த தடையும் வருகிறது. பெண் ஆயுதம் செய்யலாகாது என்பது குலவழக்கு. செய்தால் இக்கட்டான நேரத்தில் அது முறியும், நிலம் நடுங்கும் என்பன போன்ற அச்சங்கள். இரவில் காற்று வீசும்போதெல்லாம் நடுங்கியபடியே அவள் ஈட்டியும் வில்லும் செய்கிறாள். யாரும் பார்க்காத தீவிலும் அந்த வழக்கத்தை மீறுவது அவளுக்கு எளிதாக இல்லை. மரபை எடுத்துக்கொள்வதும் அதில் ஒன்றை விடுவதும் ஒரே கையால் நடக்கின்றன. வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தம்பியைக் கொன்ற நாய்களைப் பழிவாங்கப் புறப்பட்டவள், அம்பு தைத்துக் கிடந்த தலைமை நாயைக் கொல்லாமல் தூக்கி வந்து காப்பாற்றுகிறாள். அதற்கு ரோன்டு என்று பெயர் வைத்துப் பேசத் தொடங்குகிறாள். நாவலின் மிகச் சிறந்த பகுதி இதற்கும் பின்னே வருவது. அலூட்டுகள் மீண்டும் வரும்போது அவர்களோடு வந்த டூட்டோக் என்ற பெண் கரானாவைக் கண்டுகொள்கிறாள். பகைக் குலத்துப் பெண். மொழி தெரியாது. ஒவ்வொரு பொருளாகக் காட்டி ஒருவருக்கொருவர் சொல் கற்பிக்கிறார்கள். முதலில் எல்லாரும் அழைக்கும் பொதுப்பெயரை மட்டும் சொன்ன கரானா, பின்னர் யாரிடமும் எளிதில் சொல்லக்கூடாத தன் உண்மைப் பெயரைச் சொல்கிறாள். கப்பல் போன பின்தான் தீவு எவ்வளவு மௌனமானது என்று அவளுக்குத் தெரிகிறது.

குறையும் சொல்ல வேண்டும். அலூட்டுகளைப் பெரும்பாலும் கொடியவர்களாகவே காட்டியது பற்றியும், பழங்குடியினரின் மொழியையும் நம்பிக்கைகளையும் ஆசிரியர் கற்பனையாக இட்டு நிரப்பியது பற்றியும் அமெரிக்கப் பழங்குடி ஆய்வாளர்கள் கடுமையாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. பிள்ளைகளிடம் நூலைத் தரும்போதே அதையும் சொல்லிவிடுவது நல்லது.

வகுப்பில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "மாமா, அவ ஊருக்குப் போனப்புறம் யாரோட பேசினா?" நாவலில் இதற்கு விடை இல்லை. கரானா கப்பல் ஏறுகிறாள். மாலுமிகளின் பேச்சு புரியாவிட்டாலும் மனிதக் குரல் காதில் விழுவதே அவளுக்கு இனிக்கிறது. அத்துடன் ஆசிரியர் நிறுத்திக்கொள்கிறார். கரை சேர்ந்த பின் கரானா இறப்பதை அவர் 'ஸியா' (1976) என்ற பிற்பட்ட நாவலில்தான் எழுதினார். அந்தச் சிறுமிக்கு விடை சொல்ல வரலாற்றுக்குத்தான் போக வேண்டியிருந்தது.

இக்கதைக்கு அடிப்படையான பெண் உண்மையில் வாழ்ந்தவர். இடம் சான் நிக்கொலஸ் தீவு. 1835-இல் தீவு மக்களைக் கப்பலில் ஏற்றிச் சென்றபோது அவர் மட்டும் பின்தங்கினார். 18 ஆண்டுகள் கழிந்து, 1853-இல் ஜார்ஜ் நிடெவர் என்ற நீர்நாய் வேட்டைக்காரரின் குழு அவரைக் கண்டு சாந்தா பார்பராவுக்கு அழைத்து வந்தது. வரும்போது அவர் நடுத்தர வயதினர். அணிந்திருந்தது பறவைத் தோல்களால் தைத்த இறகாடை. ஊர் மக்கள் அவரைப் பார்க்கத் திரண்டார்கள். அவர் பாடினார், ஆடினார், சைகையால் கதை சொன்னார். அருகில் வாழ்ந்த சுமாஷ் மக்களை அழைத்து வந்தும் பேச்சு புரியவில்லை என்றே நெடுங்காலம் எழுதப்பட்டது. சிலர் அவரோடு ஓரளவு பேச முடிந்தது என்பதற்குக் குறிப்புகள் உள்ளன என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்படியானாலும் அது முழு உரையாடலாக இருந்திருக்க முடியாது.

கரைக்கு வந்த ஏழு வாரங்களில், 1853 அக்டோபரில், வயிற்றுக்கடுப்பு நோயால் அவர் இறந்தார். ஜுவானா மரியா என்பது பாதிரிமார் ஞானஸ்நானத்தில் இட்ட பெயர். அவருடைய சொந்தப் பெயர் பதிவாகவில்லை. 18 ஆண்டு காற்றும் பசியும் கொல்லாத உடம்பு அது.

இதைக் கேட்டு வகுப்பில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தச் சிறுமியே, "அவ பேசினது ஏதாவது எழுதி வெச்சிருக்காங்களா?" என்றாள். அவர் வாய்மொழியாகக் குறித்து வைக்கப்பட்டவை நான்கே சொற்கள். தோல், மனிதன், வானம், உடல் என்று அவற்றுக்குப் பொருள் எழுதியிருக்கிறார்கள். நான்கையும் கரும்பலகையில் தமிழில் எழுதச் சொன்னேன். வானம் என்ற சொல்லுக்கு இரண்டு சுழி 'ன'வா, மூன்று சுழி 'ண'வா என்று ஒரு விவாதம் நடந்தது.