படிப்புக்கும் ஒரு கிப்லா வேண்டும்

மஃரிப் தொழுதுவிட்டுப் பிள்ளை பாடப் புத்தகத்தை விரிக்கிறான். பக்கத்திலேயே கைப்பேசி. இரண்டு வரி படிப்பதற்குள் அது சிணுங்குகிறது. எடுத்துப் பார்க்கிறான், வைக்கிறான். விட்ட இடம் தெரியாமல் மீண்டும் முதல் வரிக்கே வருகிறான். இஷாவுக்குப் பாங்கு சொல்லும்போது ஒரு பக்கமும் முடிந்திருக்காது. "படித்தேன் உம்மா, மனதில் நிற்கவில்லை" என்பான். நாமும் பிள்ளைக்கு ஞாபகசக்தி குறைவென்று கவலைப்படுகிறோம். குறை ஞாபகத்திலா, கவனத்திலா என்று யோசிப்பதில்லை.

மனம் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவும்போது, முந்தியதன் நினைவு கொஞ்சம் அதிலேயே ஒட்டிக் கொள்கிறது. 2015இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். கைப்பேசியைத் தொடாமல், அதன் ஒலியையோ அதிர்வையோ உணர்ந்த அளவிலேயே மாணவர்கள் கவனம் சிதறித் தவறு செய்தார்கள். 2017இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தார் நடத்திய சோதனையில், கைப்பேசியை வேறு அறையில் வைத்தவர்கள், மேசைமேல் வைத்தவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். பிறர் பின்னர் செய்த சில சோதனைகளில் இந்த இரண்டாவது முடிவு கிடைக்கவில்லை. எனவே அதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம்.

ஆனால் ஒலி கவனத்தைக் கலைக்கும் என்பது நமக்குப் புதிய செய்தியா? 'கைப்பேசியை அணைத்து விடவும்' என்று பள்ளிவாசலில் எழுதி வைத்திருப்பது எதற்காக? தொழுகையில் ஒரே கிப்லாவை முன்னோக்குகிறோம். இரு திசையை ஒரே நேரத்தில் முன்னோக்க யாராலும் முடியாது. படிப்பும் அப்படித்தான்.

கைப்பேசியே கூடாது என்பதல்ல நம் வாதம். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது பல பிள்ளைகளுக்குப் பாடம் அதில்தான் வந்தது. கிராஅத் கேட்கவும் அது உதவுகிறது. ஆனால் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. தள்ளத் தள்ள வந்து கொண்டேயிருக்கும் திரைக்கு முடிவில்லை. 'போதும்' என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அதற்குச் சில வழிகள்:

1. மஃரிப் முதல் இஷா வரை வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஒலியை அடக்கி வேறு அறையில் இருக்கட்டும்.

2. பாடம் கைப்பேசியில் வந்தால், அதை முதலில் நோட்டில் எழுதிக் கொள்ளட்டும். பிறகு கைப்பேசியை எடுத்து வைத்துவிட்டுப் படிக்கட்டும்.

3. படுக்கையருகே கைப்பேசி வேண்டாம். ஃபஜ்ருக்கு எழுப்ப ஓர் அலாரக் கடிகாரம் போதும்.

முதல் வழியில் 'எல்லாக் கைப்பேசிகளும்' என்றோமே, அதில் வாப்பாவுடையதும் உம்மாவுடையதும் அடக்கம். இதுதான் கடினம். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல ஆவலோடு ஓடி வரும் பிள்ளைக்கு, திரையிலிருந்து கண்ணெடுக்காமல் 'ம்' கொட்டுகிறோம். கவனம் என்றால் இவ்வளவுதான் என்று அவன் அங்கேதான் கற்றுக் கொள்கிறான். பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அவர்களிடம் கேட்பதை முதலில் நாம் செய்து காட்டுவோம். இன்று மஃரிபிலிருந்தே தொடங்குவோம். அதற்கு வல்ல அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.